கேள்வித்தாளுக்கு முன்னால் வரும் தாள்



நம் ஏட்டில் நூல்களை விமர்சிக்கிறோம், பாடத்திட்டத்தை விமர்சிக்கிறோம். கேள்வித்தாள் வெளிவந்த மறுவாரமே அதையும் வரிவரியாக அலசிவிடுகிறோம். கேள்வித்தாளுக்கு முன்னால் மாணவர் கைக்கு வரும் இன்னொரு தாளை மட்டும் யாரும் தொடுவதில்லை. தேர்வு எழுதுவோருக்கான விதிமுறைகள், கால அட்டவணை, பதிவு சிலிப் என்று பள்ளி அலுவலகத்தில் கொடுத்து அனுப்புகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். “இதுல விமர்சிக்க என்ன இருக்கு? பேனா கொண்டு வா, போன் கொண்டு வராதே, அவ்வளவுதானே” என்று நீங்கள் கேட்கலாம். பட்டணத்துப் பள்ளியில் படிப்பவருக்கு அவ்வளவுதான். கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு அதே தாளை வாசித்துப் பாருங்கள். அப்போது அது வேறு மாதிரி தெரியும்.

நான் எடுத்துக்கொள்வது முக்கியமாக எஸ்.டி.பி.எம். தேர்வை. எஸ்.பி.எம்.மையும் மூயெட்டையும் தேவைப்படும் இடத்தில் சேர்த்துக்கொள்கிறேன். பழைய எச்.எஸ்.சி.க்குப் பதிலாக 1982-இல் வந்தது எஸ்.டி.பி.எம். அதை நடத்தும் மலேசியத் தேர்வு மன்றம் 1980-இல் சட்டப்படி அமைந்தது. ஆறாம் படிவத்தைப் பற்றி நம் பெற்றோரிடையே ஒரு இளக்காரம் உண்டு, ‘மெட்ரிகுலேசி கிடைக்காதவன் போற இடம்’ என்று. நான் அப்படிப் பார்க்கவில்லை. மெட்ரிகுலேசியில் இடம் கிடைக்குமா என்பது ஒவ்வோர் ஆண்டும் நம் சமூகத்தில் ஒரு பெரிய கேள்வி. நாளிதழ்களில் அறிக்கை, மேல்முறையீடு என்று வாரக்கணக்கில் ஓடும். ஆறாம் படிவம் பக்கத்துப் பள்ளியில் இருக்கிறது, கட்டணமும் குறைவு. தோட்டத்துப் பிள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் வாசல் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் திறக்கிறது. ஆகவே அந்தத் தேர்வு மண்டபத்துக்குள் அந்தப் பிள்ளை போய் உட்காருவதற்கான ஏற்பாடுகள் என்ன, அவை யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்று பார்ப்பது நம் வேலைதான்.

விதிமுறைகளில் நேர்மை பற்றியவை ஒரு பகுதி. கைப்பேசி கூடாது, குறிப்புத் தாள் கூடாது, எண்ணிட்ட இடத்தில்தான் உட்கார வேண்டும், மணி அடித்ததும் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். இந்தப் பகுதியோடு எனக்குச் சண்டை இல்லை. தெளிவாக இருக்கிறது, எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறது. 2014-இல் யு.பி.எஸ்.ஆர். தாள்கள் கசிந்தபோது என்ன நடந்தது என்று நமக்கு மறந்திருக்காது. தமிழ்த் தாளும் அதில் மாட்டிக்கொண்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மறுபடியும் போய் உட்கார்ந்து எழுதினார்கள். யாரோ செய்த தப்புக்குத் தோட்டப்பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து தண்டனை அனுபவித்தார்கள். கட்டுப்பாடு கடுமையாக இருப்பது ஏழைப் பிள்ளைக்குத்தான் முதலில் பாதுகாப்பு. காசு கொடுத்துக் கேள்வி வாங்கும் வசதி அவனுக்கு இல்லை.

வந்து சேர்வது பற்றிய பகுதி அப்படி இல்லை. குறித்த நேரத்துக்கு முன்பே தேர்வு நிலையத்தில் இருக்க வேண்டும், அடையாள அட்டையும் சிலிப்பும் கையில் இருக்க வேண்டும், அட்டவணையைச் சரிபார்ப்பது தேர்வு எழுதுபவரின் பொறுப்பு, தாமதமாக வந்தால் இழந்த நேரம் திரும்பக் கிடைக்காது. இதன் சாரம் இதுதான். இந்த வாக்கியங்களில் எல்லாம் எழுவாய் ஒரே ஆள், ‘சாலோன்’. அவனுக்கு அப்பா அம்மா இல்லை, வேன் இல்லை, மழை இல்லை, சாலை இல்லை. வீட்டை விட்டு இறங்கினால் எதிரே தேர்வு மண்டபம் இருக்கும் ஒரு ஆளை நினைத்துக்கொண்டு எழுதிய வாக்கியங்கள் இவை. இதை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அவர்கள் பார்த்த சாலோன் அப்படிப்பட்டவன், அவ்வளவுதான்.

இப்போது சாலையைப் பாருங்கள். கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருக்கிறது. மாநிலக் கல்வி இலாகா இருப்பது கடலோரத்தில், குவாந்தானில். ஆனால் மலையிலிருந்து இறங்கும் பழைய சாலை பேராக் மாநிலத்தில் தாப்பாவுக்குத்தான் போகிறது. பல பத்தாண்டுகளுக்கு அது ஒன்றுதான் வழி. பிறகுதான் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் சாலையும், ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் பக்கம் இறங்கும் சாலையும் வந்தன. நிர்வாகம் கிழக்கே, சாலை மேற்கே. மலை மேலேயே ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று ஒரே கயிற்றில் கோத்த மாதிரி ஊர்கள். கயிறு ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கம்தான். 1929-இல் தொடங்கிய போ தோட்டமாகட்டும், அதன் சுங்கை பாலாஸ் பிரிவாகட்டும், வடக்கே புளூ வேலி பக்கமாகட்டும், எல்லாமே அந்தப் பெரிய சாலையிலிருந்து உள்ளே போகும் குறுகிய தோட்டச் சாலைகளில் இருக்கின்றன. எதிரே ஒரு லாரி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய சாலைகள். சுற்றுலாப் பயணிகள் தேயிலைச் செடிக்கு நடுவே நின்று படம் எடுக்க வரும் நாட்களில் அதுவும் நகராது.

இதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. சனிக்கிழமையிலோ பள்ளி விடுமுறைக் காலத்திலோ ஒரு தேர்வை வைத்தால் கேமரன் மலையில் அதற்கு என்ன பொருள் என்று அட்டவணை போடுபவருக்குத் தெரியுமா? பிரிஞ்சாங்கிலும் கியா ஃபார்ம் சந்தைப் பக்கத்திலும் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு எவ்வளவு நேரம் என்று அங்கே யாரைக் கேட்டாலும் கிழமையைக் கேட்ட பிறகுதான் பதில் சொல்வார்கள். அட்டவணையில் இருக்கும் ‘காலை 8.00’ என்பது கோலாலம்பூரிலும் கம்போங் ராஜாவிலும் ஒரே எட்டு மணி இல்லை.

அடுத்தது மழை. நம் பெரிய தேர்வுகள் நீண்ட காலமாக நவம்பரில் வந்துகொண்டிருந்தன. மலையில் மண் சரியும் காலமும் அதுதான். 2013 அக்டோபர் 23-ஆம் தேதி இரவு சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் போயின, உயிர்கள் போயின. மறு ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் ரிங்லெட்டையும் பெர்த்தாம் பள்ளத்தாக்கையும் மறுபடி சேற்று வெள்ளம் தாக்கியது. அந்த நவம்பரில் எஸ்.பி.எம். நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் சேறு புகுந்த ஒரு பிள்ளைக்கு அடுத்த நாள் காலையில் சிலிப் எங்கே, ஐசி எங்கே, சீருடை எங்கே? விதிமுறைத் தாளில் இதற்கு ஒரு வரி இருக்க வேண்டாமா?

ஒரு வரி இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஆனால் மாணவர் தாளில் நீங்கள் தேடும் இடத்தில் அது இல்லை. எஸ்.பி.எம். நடத்தும் தேர்வு வாரியத்தின் வழக்கில் ‘சாலோன் மெனும்பாங் கெசெமாசான்’ என்று ஒரு வகை உண்டு. வெள்ளமோ மண்சரிவோ வந்து தன் சொந்த நிலையத்துக்குப் போக முடியாத மாணவர், பக்கத்தில் போகக்கூடிய வேறொரு நிலையத்தில் போய் உட்கார்ந்து எழுதலாம். நம் தோட்டத்து மக்களுக்கு ‘தும்பாங்’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. யாருடைய வண்டியிலாவது தும்பாங் கேட்டுப் போவதும், உறவுக்காரர் வீட்டில் தும்பாங் இருப்பதும் நமக்குப் பழக்கம். அதே சொல்தான் இது. தேர்வுக்கும் தும்பாங் உண்டு என்று ஒரு அம்மாவிடம் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார். ஆனால் யார் சொல்கிறோம்? கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளம் வரும்போது தொலைக்காட்சிச் செய்தியில் இந்தச் சொல் காதில் விழும். அங்கே தண்ணீர் மெதுவாக ஏறும். இலாகா மாணவர்களை முன்கூட்டியே விடுதிகளில் தங்கவைக்கும். மலையில் மண் சரிவதற்கு முன்னறிவிப்பு கிடையாது. காலை ஐந்தரைக்கு வேன்காரர் போன் போட்டு, “அண்ணே, ரோட்டுல மண்ணு விழுந்து கிடக்கு, வண்டி வராது” என்று அப்பாவிடம் சொல்வார். அந்த ஐந்தரை மணிக்கு அந்த அப்பா யாரைக் கூப்பிட வேண்டும்? என் விமர்சனத்தின் மையக் கேள்வி இதுதான். வசதி இருக்கிறது. ஆனால் அது தேவைப்படுகிறவன் கையில் இருக்கும் தாளில் இல்லை. அதிகாரிகளின் கோப்பில் இருக்கிறது.

‘பொறுப்பு’ என்ற சொல்லை இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விதிமுறை மாணவரின் பொறுப்புகளை எண்ணிட்டு அடுக்குகிறது. நிலையத்தின் பொறுப்பு, பள்ளியின் பொறுப்பு, இலாகாவின் பொறுப்பு மாணவர் படிக்கும் தாளில் எண்ணிடப்படுவதில்லை. அவை வேறு கையேட்டில், வேறு மேசையில் இருக்கின்றன. ஒரு ஒப்பந்தத்தில் ஒரு தரப்பின் கடமைகளை மட்டும் அச்சடித்து அவனிடமே கொடுத்தால் அதை நாம் என்ன சொல்வோம்? தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு நேரத்தில் வராவிட்டால் அன்றைய பேர் போய்விடும் என்பது நம் பாட்டன்மார் காலத்து விதி. அங்கேயும் வராதவனின் காரணத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. தேர்வுக் கண்காணிப்பாளர் என்று நாம் சொல்லும் சொல்லுக்குள்ளேயே அந்தப் பழைய கங்காணி உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொல்வார். நியாயமாகச் சொன்னால், எனக்குத் தெரிந்த தலைமைக் கண்காணிப்பாளர்கள் பலர் நல்லவர்கள். நனைந்து வந்த பிள்ளைக்குத் துண்டு கொடுத்து உட்காரவைத்தவர்கள். குறை ஆளில் இல்லை, தாளில்.

எஸ்.டி.பி.எம். பருவ முறைக்கு மாறிய கதையும் இதோடு சேர்ந்தது. 2012-இல் ஆறாம் படிவத்துக்குப் போனவர்களிலிருந்து மூன்று பருவங்கள், ஒவ்வொரு பருவ முடிவிலும் தேர்வு, பள்ளி மதிப்பீடு என்று ஏற்பாடு மாறியது. ஒன்றரை ஆண்டுப் பாடத்தை ஒரே மூச்சில் எழுதும் சுமை குறைந்தது என்று வரவேற்றோம். சரிதான், நானும் வரவேற்கிறேன். முதலிரு பருவத் தாள்களை மூன்றாம் பருவத் தேர்வுக் காலத்தில் மறுபடி எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம் என்பது பழைய முறையில் இல்லாத பெரிய உதவி. ஆனால் தோட்டத்துக் கணக்கில் பார்த்தால், முன்பு ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் போதும். இப்போது மூன்று தடவை சாலையை நம்ப வேண்டும், மூன்று தடவை சிலிப் வாங்க வேண்டும். மறுபடி எழுதுவதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், கடைசி நாள் இருக்கிறது, கட்டணம் இருக்கிறது. அந்தக் கடைசி நாள் தெரியாமல் வாய்ப்பை விட்டவர்கள், முதல் பருவத்தில் தடுக்கி விழுந்த பிள்ளைகள்தான். நன்றாக எழுதியவனுக்கு அந்த விதி தேவையே இல்லை. தேவைப்படுகிறவன் அந்தச் சமயத்தில் மனம் உடைந்துபோய் அறிவிப்புப் பலகைப் பக்கமே போவதில்லை. ஆசிரியர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால்தான் உண்டு.

மூயெட் பற்றி இரண்டு வார்த்தை. 1999 முதல் நடக்கிறது, அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போக இது இல்லாமல் முடியாது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு பகுதிகள். பேச்சுத் தேர்வுக்கு எழுத்துத் தேர்வின் நாள் இல்லை. அதற்குத் தனி நாள், தனி அழைப்பு. அந்தத் தனி நாளைத் தவறவிட்டவர் கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். “எழுத்துப் பரீட்சைதான் சார் முக்கியம்னு நெனச்சேன்” என்று ஒரு மாணவி சொன்னாள். நான்கில் ஒரு பகுதி காலியாகப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தமிழில் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஆங்கிலத் தேர்வின் விதிமுறையைத் தமிழில் ஏன் விளக்க வேண்டும் என்று கேட்கும் சக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தேர்வு ஆங்கிலத்தில் இருக்கட்டும். எந்த நாள் எங்கே போக வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் புரியும் மொழியில் இருக்கட்டும்.

ஏனென்றால் தோட்டத்தில் அந்தத் தாளை வாசிப்பது மாணவர் மட்டும் அல்ல. காய்கறி லாரி ஓட்டும் அப்பா விடியுமுன் மலை இறங்கிவிடுவார். அம்மா தொழிற்சாலையிலோ ஹோட்டலிலோ முதல் ஷிப்டு. இன்று கொழுந்து கிள்ளுவதில் பெரும்பங்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களுடையது. நம் ஆட்கள் வேறு வேலைகளுக்கு மாறி, அதே லயங்களிலோ பக்கத்து ஊரிலோ இருக்கிறார்கள். தேர்வு நாள் காலையில் வீட்டில் பெரியவர் என்று இருப்பது பாட்டிதான். பாட்டி கேட்பார், “ஐயா, அந்தக் காயிதத்த எடுத்துக்கிட்டியா?” அந்தக் காயிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாட்டிக்குத் தெரிந்திருந்தால், கேள்வி இன்னும் கொஞ்சம் கூர்மையாக இருந்திருக்கும்.

அடையாள அட்டை விஷயம் இன்னும் ஆழமானது. ஐசி கொண்டுவர வேண்டும் என்று விதி ஒரே வரியில் முடித்துவிடுகிறது. தோட்டங்களில் பிறப்புப் பதிவு தாமதமாகி, பெற்றோர் திருமணப் பதிவு இல்லாமல், ஐசி கிடைக்காமலேயே வளர்ந்த பிள்ளைகள் நம் சமூகத்தில் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். 2011 பிப்ரவரியில் அரசாங்கமே ‘மைடாஃப்தார்’ என்ற பெயரில் இந்தியர்களுக்காகப் பதிவு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது என்றால் பிரச்சினை எவ்வளவு பெரியது என்று பாருங்கள். ஆறாம் படிவம் வந்த பிறகு இதைக் கவனிப்பதில் பயனில்லை. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு ஆசிரியர் பன்னிரண்டு வயதுக்கு முன்பே பிறப்புப் பத்திரத்தைக் கேட்டுப் பார்த்தால்தான் அது தேர்வு மண்டப வாசலில் வந்து நிற்காது. பல்கலைக்கழகத் தேர்வின் ஏற்பாடு தமிழ்ப்பள்ளியிலேயே தொடங்குகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் பாடத்துக்கு வருகிறேன். தமிழை எஸ்.பி.எம்.மிலும் எஸ்.டி.பி.எம்.மிலும் எழுதலாம். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும். பதினைந்து என்பது கிள்ளானில் ஒரே வகுப்பில் சேர்ந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்; மலையில் அதைச் சேர்க்க மூன்று தோட்டத்துப் பிள்ளைகளைக் கூட்ட வேண்டியிருக்கும். வகுப்பு இல்லாமல் சொந்தமாகப் படித்து எழுதும் பிள்ளைகள் உண்டு. அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் அவர்கள் பெயரைத் தமிழுக்குப் பதிவு செய்ய வேண்டியது பள்ளி அலுவலகம். பதிவு நடப்பது தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன். “ஆசிரியர் இல்லை, எதற்கு எடுக்கிறாய், மதிப்பெண் கெட்டுப்போகும்” என்று அந்த மேசையில் யாராவது சொன்னால், பதினேழு வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? தலையை ஆட்டிவிட்டு வந்துவிடும். தமிழ் அன்று, அந்த மேசையில் போகிறது.

2010 முதல் எஸ்.பி.எம்.மில் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று அமைச்சு அறிவித்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும்தான் முதலில் அடிபடும் என்று நம் இயக்கங்கள் எல்லாம் எழுந்து நின்றன. பிறகு ‘பத்துக் கூட்டல் இரண்டு’ என்று 12 வரை அனுமதி வந்தது. அந்தப் போராட்டத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மேலே வென்ற உரிமையைக் கீழே ஒரு பதிவுப் படிவத்தில் டிக் போடாமல் இழந்துகொண்டிருக்கிறோம். இதற்கு ஊர்வலம் தேவையில்லை. மார்ச் மாதமோ ஏப்ரல் மாதமோ, பதிவு நடக்கும் வாரத்தில் ஒரு ஆசிரியர் அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

பதிவு செய்தவருக்கும் சிக்கல் தீர்ந்ததாகாது. எல்லாரும் எழுதும் மலாய்த் தாள், வரலாற்றுத் தாள் நாட்களில் தோட்டத்து வேன் நிறைந்துவிடும். ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டால் கட்டுப்படியாகும். ஆறு பேர் மட்டும் எழுதும் தமிழ்த் தாள் தனியாக ஒரு நாளில், மற்றவர் எல்லாம் விடுமுறைக்குப் போன பிறகு வந்தால், அந்த ஆறு பேருக்காக வேன்காரர் மலை ஏறி வருவாரா? வருவார், கட்டணத்தைக் கூட்டிக் கேட்பார். அதையும் குறை சொல்ல முடியாது, எண்ணெய் யார் போடுவது? தமிழ் இலக்கியம் எழுத வரும் கடைசி மூன்று பேரின் கதையைச் சொல்லவே வேண்டாம். தமிழுக்காக நிதி திரட்டும் சங்கங்கள் பரிசளிப்பு விழாவில் சிறப்புத் தேர்ச்சிக்குப் பணமுடிப்பு கொடுக்கின்றன, நல்லது. அதில் ஒரு பங்கை அந்த இரண்டு நாள் வேன் வாடகைக்கு ஒதுக்கினால், பரிசு வாங்க மேடை ஏறும் பிள்ளைகளின் எண்ணிக்கையே கூடும்.

தேர்வு ஏற்பாட்டில் இடத்தையும் கணக்கில் எடுக்க முடியாது, எல்லாருக்கும் ஒரே விதிதான் என்று ஒரு வாதம் வரும். அப்படி இல்லை. இலங்கையைப் பாருங்கள். 2024 நவம்பர் இறுதியில் புயல் மழை வந்தபோது, நடந்துகொண்டிருந்த ஏ.எல். தேர்வை நாடு முழுவதும் நிறுத்திவைத்து டிசம்பர் 4-ஆம் தேதி மறுபடி தொடங்கினார்கள். பல்கலைக்கழக அனுமதியிலேயே அங்கே இடம் ஒரு கணக்கு. பல துறைகளில் 40 விழுக்காடு இடங்கள் நாடளாவிய தகுதிக்கு, 55 மாவட்டங்களுக்கு, 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. தேயிலை மலைகளான நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. இதை முழுமனத்தோடு புகழ முடியாது என்பதும் எனக்குத் தெரியும். 1970-களில் அங்கே தரப்படுத்தல் என்ற பெயரில் நடந்தது தமிழ் மாணவர்களுக்கு எவ்வளவு பெரிய காயம் என்பது வரலாறு. நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: மலையில் படிக்கும் பிள்ளையின் சூழல் வேறு என்று ஒரு அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொள்ள முடியும்.

மறுபக்கம் தமிழ்நாடு. 2018 நீட் தேர்வுக்குத் தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்கு எர்ணாகுளத்திலும், இன்னும் சிலருக்கு ராஜஸ்தானிலும்கூட நிலையம் ஒதுக்கினார்கள். மகனை எர்ணாகுளத்துக்கு அழைத்துப் போன ஒரு தந்தை, மகன் உள்ளே தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். நிலையம் எங்கே என்பது ஒரு சின்ன நிர்வாக விஷயம் என்று அதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது. நம் நாட்டில் பள்ளி மாணவர் பெரும்பாலும் சொந்தப் பள்ளியிலேயே எழுதுகிறார். அந்த வகையில் நம் ஏற்பாடு எவ்வளவோ மேல். தனியார் தேர்வராகப் பதிவு செய்பவர்கள்தான், அதாவது ஒரு தடவை தவறி இரண்டாம் முறை எழுதும் பிள்ளைகள், ஒதுக்கப்பட்ட நிலையத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அவர்களுக்குப் பள்ளி அலுவலகம் இல்லை, வகுப்பாசிரியர் இல்லை. பதிவு, கட்டணம், சிலிப் எல்லாம் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் இணையம் எந்த மூலையில் கிடைக்கும் என்று தெரிந்துவைத்திருப்பதும் அதில் சேர்த்தி.

இது தமிழருக்கு மட்டும் உள்ள குறை என்று நான் காட்டவில்லை. அதே மலைச்சரிவுகளில் இருக்கும் ஓராங் அஸ்லி கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சாலை இன்னும் மோசம். தேர்வு மன்றத்திடம் நாம் ஏதாவது கேட்கப் போனால் அவர்களையும் சேர்த்துக் கேட்பதுதான் முறை, அப்போதுதான் கேட்பதற்கும் பலம் வரும்.

கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. மாணவர் தாளிலேயே, பொறுப்புகளுக்குக் கீழே, வர முடியாமல் போனால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், எத்தனை மணிக்குள் அழைக்க வேண்டும், பக்கத்தில் எந்த நிலையத்துக்குப் போகலாம் என்று அச்சிட வேண்டும். மலை மாவட்டங்களில் தேர்வு வாரம் மட்டுமாவது தூரத்துத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளி விடுதியில் தங்கவைக்க வேண்டும். வெள்ள மாநிலங்களில் செய்வதைத்தான் கேட்கிறோம். சிறிய பாடங்களின் தாள்களை, பெரிய தாள் நடக்கும் நாளின் மறுவேளையில் வைக்க முடியுமா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். இவை எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

நம் பக்கம் ஒரு விமர்சனம் வைக்காமல் விட்டால் நியாயமாகாது. ஆண்டுதோறும் நம் சங்கங்கள் நடத்தும் தேர்வு வழிகாட்டிப் பயிலரங்குகளின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். கட்டுரை எழுதுவது எப்படி, கருத்துணர் கேள்விக்குப் பதில் எப்படி, அதிக மதிப்பெண் வாங்குவது எப்படி. அருமையான ஆசிரியர்கள், நல்ல உரைகள். பதிவு எப்போது, மறுதேர்வுக்கு எப்படி விண்ணப்பிப்பது, சாலை மூடினால் என்ன செய்வது என்று அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. பயிலரங்கு நடப்பதும் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ. மலையிலிருந்து வருபவர் அதற்கும் தும்பாங் கேட்டுத்தான் வர வேண்டும்.

நான் முயற்சி செய்துகொண்டிருப்பது ஒரு பக்கத் தமிழ்த் தாள். விதிமுறையை மொழிபெயர்ப்பதில்லை, வீட்டுச் சுவரில் ஒட்டிவைக்கிற மாதிரி, நாள், கிழமை, இடம், கையில் இருக்க வேண்டியவை, வேன் கிளம்பும் நேரம், வேன் வராவிட்டால் அழைக்க வேண்டிய எண். பாட்டி வாசிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்து. ‘அங்கா கிலிரான்’ என்பதை மாற்றாமல் அப்படியே போட்டேன், தேர்வு நாளன்று பிள்ளை அந்தச் சொல்லைத்தான் கேட்கப் போகிறது. ‘கெத்துவா பெங்காவாஸ்’ என்பதையும் அப்படியே வைத்துப் பக்கத்தில் தலைமைக் கண்காணிப்பாளர் என்று எழுதினேன். அழைக்க வேண்டிய எண் என்ற கட்டம் மட்டும் ஒவ்வொரு பள்ளிக்கும் வேறு. அதைப் பள்ளி ஆசிரியர்தான் தலைமையாசிரியரிடம் கேட்டு நிரப்ப வேண்டும். ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ கம்போங் ராஜாவிலோ கற்பிக்கும் நண்பர்கள் உங்கள் பள்ளிக்கு அந்தக் கட்டத்தை நிரப்பிப் பார்த்து, நிரப்ப எவ்வளவு நேரம் ஆனது, யாரிடம் கேட்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து ஏட்டுக்கு எழுதி அனுப்புங்கள்.